மரகதம் ஏன் ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் போனது? வீட்டு மராமத்துக்குப் பிறகு ஒளிந்துகொண்ட ஒரு இகுவானா: நிகழ்வு ஆய்வு

மரகதம் ஒரு பெண் பச்சை இகுவானா, பெரிய பல்லி இனம். வயது நான்கைத் தாண்டிவிட்டது. மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை நாலே கால் அடி, அதில் பாதிக்கு மேல் வால். இருப்பது சென்னை மடிப்பாக்கத்தில், இரண்டாவது மாடியில் ஒரு ஃப்ளாட். கணவன், மனைவி, ஏழாம் வகுப்புப் படிக்கும் மகன், கணவரின் அம்மா என்று வீட்டில் நான்கு பேர். வாங்கிக் கொடுத்தது அப்பா என்றாலும் வளர்ப்பது பையன்தான். தேதி போட்டு எடை, சாப்பாடு, தோல் உரிந்த நாள் எல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தான். இந்த ஆய்வுக்கு அந்த நோட்டு செய்த உதவியை வேறு எந்தக் கருவியும் செய்யவில்லை.

பொங்கல் முடிந்த கையோடு வீட்டில் மராமத்து வேலை ஆரம்பித்தது. ஹாலுக்கு ஃபால்ஸ் சீலிங், புது பெயிண்ட், ஒரு சுவர் முழுக்க டிவி யூனிட், பால்கனிக்குக் கண்ணாடி ஸ்லைடிங் கதவு, ஒரு ஸ்ப்ளிட் ஏசி. தூசியும் பெயிண்ட் வாசனையும் ஆகாது என்று மரகதத்தைத் தாம்பரத்தில் இருக்கும் அத்தை வீட்டுக்கு அனுப்பினார்கள். அது நல்ல முடிவுதான். பிப்ரவரி நடுவில் திரும்பக் கொண்டுவந்தார்கள். முதல் இரண்டு நாள் சாப்பிட்டது, சுற்றிப் பார்த்தது, நாக்கை நீட்டி நீட்டிச் சுவரையெல்லாம் மோப்பம் பிடித்தது. அப்புறம் ஒளிய ஆரம்பித்தது. காலையில் கூண்டுக்குள்ளேயே அடித்தளத்தில் மரக்கட்டைக்குப் பின்னால். மதியம் கூண்டைத் திறந்துவிட்டால் நேராக ஃப்ரிட்ஜுக்குப் பின்னால். சாப்பாடு பாதியாகக் குறைந்தது. பிடிக்கப் போனால் வாலால் அடி.

விலங்குகளின் நடத்தையைக் கவனித்துக் காரணம் தேடும் என்னை அழைத்தபோது மார்ச் முதல் வாரம். வீட்டில் ஆளுக்கொரு காரணம் தயாராக இருந்தது. அத்தை வீட்டு நாய் பயமுறுத்திவிட்டது என்றார் அம்மா. பெயிண்ட் வாசனை என்றார் அப்பா. பையன் சொன்னது வேறு: "என் மேல கோவமா இருக்கா அங்கிள். அனுப்பி வெச்சேன்ல, அதான்." பாட்டி ஒன்றும் சொல்லவில்லை, காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

இந்த மூன்று காரணங்களிலும் ஒரு பொதுக் குறை உண்டு. மூன்றுமே ஏன் என்பதில் ஆரம்பிக்கின்றன. ஒளிகிற இகுவானாவிடம் ஏன் என்று கேட்டால் நம் மனதில் இருப்பதுதான் பதிலாக வரும். எங்கே ஒளிகிறது, எத்தனை மணிக்கு, அப்போது உடம்பு என்ன நிறம், கண் திறந்திருக்கிறதா, உயரத்தில் ஒளிகிறதா தரையிலா என்று கேட்டால் அது தானாகவே பதில் சொல்லும். மரகதத்தின் விஷயத்தில் பதில் ஒன்றல்ல. வேறு வேறு காரணத்துக்கான ஒளிதல்கள் ஒரே வாரத்தில் சேர்ந்துகொண்டு ஒரே பிரச்சினை போலத் தெரிந்தன.

முதலில் உடம்பு

வீட்டை ஆராய்வதற்கு முன்னால் மருத்துவரிடம் கொண்டுபோகச் சொன்னேன். இரையாகப் பழகிய விலங்குகள் நோயை வெளியே காட்டாது. காட்டும் நேரத்தில் பெரும்பாலும் முற்றியிருக்கும். ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவர் ஒருவரிடம் போனார்கள். எடை 1.95 கிலோ. பையனின் நோட்டில் டிசம்பரில் 2.1 கிலோ. கவனிக்க வேண்டிய இறக்கம், ஆனால் அபாயம் என்று சொல்லும் அளவுக்கு இல்லை. தாடை கெட்டியாக இருந்தது, கால்களில் வீக்கம் இல்லை, விரல்களில் நடுக்கம் இல்லை. எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாக இருந்தது. மலத்தில் கொஞ்சம் நூல்புழு முட்டை; இகுவானாக்களில் அது சாதாரணம், மருந்து வேண்டாம் என்றார். ஸ்கேனில் மட்டும் ஒரு விஷயம் தெரிந்தது. கருப்பையில் முட்டை இல்லை, ஆனால் சினைப்பையில் கரு உருண்டைகள் வளர ஆரம்பித்திருந்தன. ஆண் துணையே இல்லாத பெண் இகுவானாவும் முட்டை வைக்கும் என்பது பலருக்குத் தெரியாது. முட்டையிட மணல் பெட்டி ஒன்று தயாராக இருக்கட்டும் என்று மருத்துவர் சொல்லி அனுப்பினார்.

ஆக, ஒளிவதற்கு உடம்பு மட்டும் காரணம் இல்லை. ஆனால் முட்டைக்கு வழி போட்டுக்கொண்டிருக்கும் ஒரு உடம்பு அது என்பதை ஒரு ஓரத்தில் எழுதி வைத்துக்கொண்டோம். பின்னால் தேவைப்பட்டது.

எங்கே, எத்தனை மணிக்கு

ஒரு பழைய செல்ஃபோனைப் புத்தக அலமாரியில் நிறுத்தி, கூண்டையும் ஹாலையும் பகல் முழுக்கப் பதிவு செய்யச் சொன்னேன். ஆள் உட்கார்ந்து பார்த்தால் அந்த ஆளே ஒரு மாற்றமாகிவிடுவார். பதிவுகளை வேகமாக ஓட்டிப் பார்த்ததில் ஒரு ஒழுங்கு தெரிந்தது. காலை ஆறரைக்குக் கூண்டு விளக்கு எரிந்ததும் மரகதம் மேல் தட்டுக்கு ஏறி, வெயிலுக்குப் பதிலாகச் சூடு தரும் பாஸ்கிங் பல்புக்கு அடியில் உடம்பைப் பரப்பிப் படுக்கிறது. நல்ல பச்சை நிறம். சரியாக ஒன்பதை ஒட்டி உடம்பு தட்டையாகிறது, தலை தாழ்கிறது, நிறம் மங்கி அழுக்குப் பழுப்பாகிறது. சில நிமிடங்களில் கீழே இறங்கிக் கட்டைக்குப் பின்னால் போய்விடுகிறது.

ஒன்பது மணிக்கு என்ன நடக்கிறது? பாட்டி குளித்துப் பூஜை முடித்து ஹாலுக்கு வந்து லைட்டையும் ஃபேனையும் போட்டு உட்காருகிறார். இதைச் சொன்னதும் பாட்டிக்கு முகம் வாடிவிட்டது. "நான் அது கிட்டயே போறதில்லையே தம்பி, நான் என்ன பண்ணேன்?" என்றார். சொன்னது நியாயம். பாட்டி வீட்டுக்குப் புதியவர் இல்லை, மரகதம் குட்டியாக வந்த நாளிலிருந்து அங்கேயே இருப்பவர்.

சனிக்கிழமைப் பதிவுதான் திருப்பம். அன்று பாட்டி நங்கநல்லூர் ஆஞ்சநேயர் கோவிலுக்குப் போயிருந்தார். பையன் ஹாலில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தான். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. திரையில் வெளிச்சம் அடிக்கிறது என்று லைட்டை மட்டும் போடவில்லை. மரகதம் பதினொன்று வரை மேல் தட்டை விட்டு அசையவில்லை. பாட்டி திரும்பி வந்து லைட்டைப் போட்டார். இறங்கிவிட்டது.

இந்த ஒரு காலை நேரம் பல சந்தேகங்களை ஒரேயடியாகத் தள்ளிவிட்டது. டிவி ஓடியபோது பயப்படவில்லை. எனவே பெரிய திரையில் ஆடும் உருவங்கள் காரணம் இல்லை. ஃபேன் சுற்றியபோதும் பயப்படவில்லை. ஆள் இருந்தபோதும் பயப்படவில்லை. பெயிண்ட் வாசனை சனிக்கிழமைக்கு என்று லீவு எடுக்காது. மிச்சம் இருந்தது லைட்டும் ஃபேனும் சேர்ந்து ஓடும் நேரம் மட்டும்.

மேலிருந்து வரும் நிழல்

பழைய ஹாலில் சுவரில் ஒரு டியூப்லைட். வெளிச்சம் பக்கவாட்டில் வரும், ஃபேன் நிழல் எங்கும் விழாது. புது ஃபால்ஸ் சீலிங்கில் எல்இடி பேனல்கள் ஃபேன் இறக்கைகளுக்கு மேலே இருக்கின்றன. கூண்டும் இடம் மாறிவிட்டது: முன்பு பால்கனி ஓரம், இப்போது எதிர்ச் சுவர், ஃபேனுக்கு அருகில். கூண்டின் கூரை கம்பிவலை. விளக்கைப் போட்டுக் கூண்டின் மேல் தட்டில் ஒரு வெள்ளைத் தாளை வைத்துப் பார்த்தோம். தாளின் மேல் இறக்கைகளின் நிழல் வெட்டி வெட்டிப் போனது. மெதுவாகச் சுற்றும்போது, நிமிடத்துக்கு 120 சுற்று என்று வைத்துக்கொண்டாலே, மூன்று இறக்கைக்கு நொடிக்கு ஆறு நிழல். மனிதர்கள் சோபாவில் உட்கார்ந்து கவனிக்காத விஷயம் அது.

இகுவானாவால் கவனிக்காமல் இருக்க முடியாது. அதன் உச்சந்தலையில், இரண்டு கண்களுக்கும் சற்றுப் பின்னால், வெளிறிய ஒரு சின்னச் செதில் இருக்கும். அதற்கு அடியில் இருப்பது மூன்றாவது கண் என்றே சொல்லத்தக்க ஒரு உறுப்பு. அதற்கு லென்ஸும் விழித்திரையும் உண்டு. உருவம் தெரியாது, வெளிச்சம் கூடுவதும் குறைவதும் தெரியும். மத்திய, தென் அமெரிக்கக் காடுகளில் ஆற்றோர மரக்கிளையில் வெயில் காயும் ஒரு இகுவானாவுக்குத் தலைக்கு மேல் சட்டென்று ஒரு நிழல் கடந்தால், அது பெரும்பாலும் வேட்டைப் பறவை. அந்த நேரத்தில் யோசித்துக்கொண்டிருந்த இகுவானாக்கள் வம்சம் வைக்கவில்லை. கிளையை விட்டு அப்படியே தண்ணீரில் விழுவதுதான் காட்டில் அதன் தப்பிக்கும் வழி.

மரகதம் செய்ததும் அதுதான். சாதாரணமாக உயரத்தை விரும்பும் விலங்கு. தூங்குவது கூட உச்சியில்தான். அப்படிப்பட்டது கீழே இறங்கி ஒளிகிறது என்றால், மேலே ஏதோ சரியில்லை. மடிப்பாக்கத்து ஹாலில் குதிக்க ஆறு இல்லை, அதனால் தரையும் இருட்டும்.

இதோடு இன்னொன்றும் சேர்ந்திருந்தது. முன்பு கூண்டு இரண்டடி உயர மேசை மேல் இருந்தது. மேல் தட்டில் படுத்தால் மரகதத்தின் கண் வீட்டுப் பெரியவர்களின் தலைக்கு மேலே. ஃபால்ஸ் சீலிங் இறங்கி, ஏசியும் அந்தச் சுவரிலேயே வந்ததால், மேசையை எடுத்துவிட்டுக் கூண்டைத் தரையில் வைத்துவிட்டார்கள். நாலரை அடிக் கூண்டு. இப்போது யார் பக்கத்தில் வந்தாலும் மேலிருந்து குனிந்துதான் வருகிறார்கள், கையும் மேலிருந்துதான் இறங்குகிறது. பையனின் கையை வால் அடித்ததற்குக் கோபம் தேவையில்லை, இந்தக் கோணமே போதும்.

சோதனையை எளிதாக வைத்துக்கொண்டோம். முதல் சில நாட்கள் ஒரே ஒரு மாற்றம்: பகலில் எல்இடி பேனல் போடக்கூடாது, பழைய டியூப்லைட்டைத் திரும்ப மாட்டிக்கொள்ளலாம், ஃபேன் வழக்கம் போல. வேறு எதையும் தொடவில்லை. "இதுக்காகவா இவ்ளோ செலவு பண்ணி சீலிங் போட்டீங்க?" என்று பாட்டி மகனைக் கேட்டார். மறுநாளே மரகதம் காலை முழுக்க மேல் தட்டில் இருந்தது. ஒருமுறை பேனலைப் போட்டுச் சரிபார்த்தோம், இறங்கியது. அதற்கு மேல் அதைச் சோதிக்க வேண்டாம் என்று நிறுத்திவிட்டோம். பிறகு கூண்டுக் கூரையில் பாதிக்கு ப்ளைவுட் போட்டு, மேசையின் உயரத்தைக் குறைத்து ஒன்றேகால் அடியாக்கி, அதன் மேல் கூண்டை ஏற்றினார்கள். கூரைக்குக் கீழே ஒரு பக்கம் நிழல், ஒரு பக்கம் திறப்பு. எது வேண்டும் என்பதை அது முடிவு செய்யட்டும்.

சந்தேகப்பட்டு வீணானதும் ஒன்று உண்டு. டிவி யூனிட்டின் கதவுகள் கண்ணாடி போல மின்னும் லேமினேட். தன் பிம்பத்தை இன்னொரு இகுவானா என்று நினைத்து மிரள்கிறதோ என்று துணி போட்டு மூடிப் பார்த்தோம். எந்த வித்தியாசமும் இல்லை. துணியை எடுத்துவிட்டார்கள்.

மதியத்து ஒளிதல் வேறு

காலைப் பிரச்சினை தீர்ந்த பிறகும் மதியம் ஒரு மணிக்கு ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் போவது மட்டும் நிற்கவில்லை. இங்கேதான் நிறம் உதவியது. காலையில் இறங்கியபோது உடம்பு தட்டை, தலை தாழ்வு, ஓட்டம். மதியம் அப்படி இல்லை. நிதானமாக நடந்து போகிறது, நடுவில் நின்று நாக்கு நீட்டுகிறது, போய்ச் சேர்ந்ததும் வயிற்றை ஃப்ரிட்ஜின் பின்பக்கத்தோடு அப்பிக்கொள்கிறது. பயந்து ஓடுகிற விலங்கின் நடை இல்லை அது. போகும்போது உடம்பு கருத்திருக்கும், ஒரு மணி நேரம் கழித்து எட்டிப் பார்த்தால் பச்சை திரும்பியிருக்கும். இகுவானா குளிரில் கருக்கும். வெப்பத்தை அதிகமாக இழுத்துக்கொள்ள அதற்கு அந்த நிறம் உதவும்.

வெப்பமானியை எடுத்துக்கொண்டு சுற்றினோம். காலையில் ஏசி இல்லாதபோது மேல் தட்டில் 36 டிகிரி செல்சியஸ். இகுவானாவுக்கு வெயில் காய 35 முதல் 38 வரை வேண்டும், எனவே சரி. மதியம் பன்னிரண்டுக்கு மேல் ஏசி 24-ல் ஓடும்போது அதே தட்டில் 28. கூண்டின் நடுப்பகுதியில் 24. ஏசியின் காற்று நேராகக் கம்பிவலைக் கூரை வழியாக உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. பல்பு எரிந்துகொண்டுதான் இருந்தது, சூட்டைக் காற்று அள்ளிக்கொண்டு போனது. ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் 33. வீட்டிலேயே மதிய நேரத்தில் இகுவானாவுக்குத் தகுந்த ஒரே இடம் அதுதான். ஏசி போட்ட திரையரங்கில் சட்டையின் மேல் பட்டனைப் போட்டுக்கொள்கிற மாதிரி, அது தன் வேலையைத் தானே பார்த்துக்கொண்டது.

சாப்பாடு குறைந்ததற்கும் விடை இங்கே கிடைத்தது. கூண்டு தரைக்கு வந்தபோது கிண்ணமும் அடித்தளத்துக்கு வந்துவிட்டது, மதியச் சாப்பாடு சரியாகக் குளிர்ந்த நேரத்தில். இகுவானா முழுச் சைவம். இலைகளைப் பின்குடலில் நுண்ணுயிர்களை வைத்து நொதிக்கச் செய்துதான் செரிக்கிறது. உடம்பு சூடாக இல்லாவிட்டால் அந்த நொதித்தல் மந்தமாகும். குளிரில் தின்ற இலை வயிற்றில் கிடக்கும், அது அதற்குத் தெரியும். பலாஷ்கோ, கபனாக் என்ற இரு ஆய்வாளர்கள் 1998-ல் இளம் இகுவானாக்களை வைத்து ஒரு சோதனை வெளியிட்டார்கள். சூடான மூலையில் வழக்கமான சத்துணவு, குளிரான மூலையில் அவற்றுக்குப் பிடித்த லெட்யூஸ். குளிர் கூடக் கூட அந்தப் பிடித்த உணவைத் தேடிப் போவது குறைந்துகொண்டே வந்தது. எவ்வளவு குளிருக்கு எவ்வளவு ருசி என்று ஒரு கணக்கு அதற்குள் ஓடுகிறது. மரகதம் அடம் பிடிக்கவில்லை, கணக்குப் பார்த்தது.

நான் வருவதற்கு முன் வீட்டில் ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்து இடைவெளியை அட்டை வைத்து அடைத்துப் பார்த்திருந்தார்கள். அன்று மரகதம் கூண்டுக் கம்பியில் மூக்கைத் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொண்டது. இன்னொரு நாள் உடம்பைப் பிடித்து இழுத்திருக்கிறார்கள். வால் போகாமல் இருந்தது அதிர்ஷ்டம்; மிரண்ட இகுவானா வாலை உதறிவிடும், பிறகு வளர்வது நிறத்திலும் வடிவத்திலும் பழைய வால் ஆகாது. அந்த இடைவெளியை அடைக்க வேண்டியது அவசியம்தான். வயர்கள், கம்ப்ரசர், சமையலறை ஓரம், இகுவானாவோடு வரக்கூடிய சால்மொனெல்லா கிருமி, எல்லாவற்றையும் நினைத்தால் அங்கே விடக்கூடாது. ஆனால் அதைவிட நல்ல இடத்தைக் காட்டிய பிறகுதான் அடைக்க வேண்டும்.

ஏசியின் காற்றுத் தகட்டை எதிர்ப்பக்கம் திருப்பி, வெப்பநிலையை 27-க்கு ஏற்றினார்கள். ஏசிப் பக்கம் இருந்த கம்பிவலைக்குத் தெளிவான அக்ரிலிக் தகடு. மேல் தட்டுக்கு மேலே, கை எட்டாத தூரத்தில், தெர்மோஸ்டாட்டோடு ஒரு செராமிக் ஹீட்டர். மேல் தட்டின் ஒரு முனையில் மூன்று பக்கம் மூடிய ஒரு மரப்பெட்டி, சூடான பகுதியிலேயே. இதைத்தான் நான் எல்லோருக்கும் திரும்பத் திரும்பச் சொல்வது: ஒளியும் இடத்தை எடுத்துவிட்டால் பயம் போகாது, ஒளிவதா சூடாக இருப்பதா என்று தேர்ந்தெடுக்கும் கட்டாயத்தில் விலங்கை வைக்காமல் இருந்தால் போதும். கிண்ணம் மேல் தட்டுக்கு ஏறியது, சாப்பாடு காலை பத்து மணிக்கு மாறியது. முருங்கைக்கீரை, செம்பருத்தி இலையும் பூவும், துருவிய பரங்கிக்காய், பீன்ஸ். பாலக் கீரையை நிறுத்தச் சொன்னேன். அதிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும், முட்டை உருவாகும் உடம்புக்குக் கால்சியம் ஒரு துளி கூட வீணாகக்கூடாது.

ஒரு வாரத்தில் ஃப்ரிட்ஜ் பக்கம் போவது குறைந்தது. அப்புறம் அந்த இடைவெளியை ப்ளைவுட்டால் அடைத்தார்கள். ஒரே ஒரு நாள் வந்து முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது.

கண்ணாடிக் கதவு

இது ஒளிதலுக்குக் காரணம் இல்லை. ஆனாலும் எழுதாமல் விட முடியாது. பழைய பால்கனிக் கதவு காலையில் திறந்தே இருக்கும், புறா வலை வழியாக வெயில் நேராகக் கூண்டில் விழும். இப்போது கண்ணாடி ஸ்லைடிங் கதவு, ஏசிக்காக எப்போதும் மூடல். வெளிச்சம் வருகிறது, ஆனால் வெயிலில் உள்ள யுவிபி என்ற புற ஊதாக் கதிரைச் சாதாரணக் கண்ணாடி தடுத்துவிடும். அந்தக் கதிர் இல்லாமல் இகுவானாவின் தோலில் வைட்டமின் டி3 உருவாகாது, டி3 இல்லாமல் கால்சியம் எலும்பில் சேராது. கூண்டில் இருந்த யுவிபி டியூப் இரண்டு வருடப் பழசு. பார்க்க எரிகிறது, ஆனால் அந்த வயதில் பெயருக்குத்தான் யுவிபி.

வீட்டில் இதைக் கேட்டதும் "அப்ப இதான் காரணமா?" என்றார் அப்பா. இல்லை. டி3 குறைபாடு மாதக்கணக்கில் எலும்பைத் தின்னும் விஷயம். வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் ஒருவரை ஒளிய வைக்காது. ஆனால் இப்போது விட்டால் அடுத்த வருடம் எக்ஸ்ரேயில் தெரியும். புது டியூப் மாட்டினார்கள். விடுமுறை நாட்களில் காலை வெயிலில் அரைமணி நேரம், கம்பிவலைப் பெட்டியில், பாதி நிழல் இருக்கும்படி பால்கனியில் வைக்கிறான் பையன். கண்ணாடித் தொட்டியில் வெயிலில் வைப்பவர்களும் இருக்கிறார்கள். அது கொலை, சில நிமிடங்களில் உள்ளே வெந்துவிடும்.

மார்ச் கடைசியில் மறுபடியும்

எடை 2.05-க்கு ஏறியிருந்தது. எல்லாம் சரியாகிவிட்டது என்று இருந்தபோது பையனிடமிருந்து வாய்ஸ் மெசேஜ்: "அங்கிள், திரும்ப ஒளியுது. இந்த வாட்டி கட்டிலுக்கு அடியில." சாப்பாடு சுத்தமாக நின்றுவிட்டது என்றான்.

அதே மூன்று கேள்விகள். எங்கே? கட்டிலுக்கு அடியில், துணி மூட்டைக்குப் பின்னால், அலமாரி மூலையில், ஓரிடத்தில் நிலையாக இல்லை. எப்போது? நாள் முழுக்க. எப்படி இருக்கிறது? நல்ல நிறம், கண் பளிச்சென்று திறந்திருக்கிறது, இங்கேயும் அங்கேயும் நடை, முன்னங்காலால் தரையைப் பிறாண்டல். ஒளிகிற விலங்கு அடங்கி இருக்கும். இது எதையோ தேடிக்கொண்டிருந்தது. வயிறும் பக்கவாட்டில் உப்பி, முதுகெலும்பும் இடுப்பும் துருத்தத் தொடங்கியிருந்தன. மருத்துவர் போட்டுக்கொடுத்த குறிப்பு அப்போதுதான் உயிர் பெற்றது.

மணல் பெட்டி இன்னும் பால்கனியிலேயே காலியாகக் கிடந்தது. அன்று மாலையே பெரிய மூடியுள்ள பிளாஸ்டிக் தொட்டியில் மணலும் மண்ணும் கலந்து, குழி தோண்டினால் சரியாத அளவுக்கு ஈரமாக்கி, ஓரடி ஆழத்துக்கு நிரப்பி, மூடியில் ஒரு நுழைவு வெட்டிப் படுக்கையறை மூலையில் வைத்தார்கள். யாரும் எட்டிப் பார்க்கக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன்; தோண்டும்போது தொந்தரவு ஏற்பட்டால் முட்டையை உள்ளேயே நிறுத்திக்கொள்ளும், அது உயிருக்கே ஆபத்தாக முடியலாம். சாப்பிடாமல் இருந்தாலும் சுறுசுறுப்பாக இருக்கும் வரை பயமில்லை. துவண்டு படுத்தால் அந்த நிமிடமே மருத்துவமனை. இந்த வித்தியாசத்தைப் பையன் ஃப்ரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டியிருந்தான்.

ஏப்ரல் முதல் வாரத்தில் ஒரு நாள் தொட்டிக்குள் போய் மாலை வரை வரவில்லை. வெளியே வந்தபோது உடம்பு தொளதொளவென்று, மூக்கெல்லாம் மண். 31 முட்டை, மஞ்சளடித்துச் சுருங்கியவை. ஆண் இல்லாததால் எதுவும் கருவுற்றிருக்காது. குட்டி வருமா என்று பையன் கேட்டான், வந்தால் பதிவு செய்ய வேண்டுமா என்றும் கேட்டான். கேள்வி சரியானதுதான். இகுவானா சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கும் விலங்கு. 2022-ன் வனவிலங்குச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, 2024 பிப்ரவரியில் வந்த விதிகளின்படி இப்படிப்பட்ட விலங்குகளை வைத்திருப்பதையும் கைமாறுவதையும் குட்டி பிறப்பதையும் இறப்பதையும் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். மரகதத்துக்கு அவன் அப்பா ஏற்கெனவே பதிந்திருந்தார். கருவுறாத முட்டைக்குப் பதிவு ஒன்றும் இல்லை என்றேன். கொஞ்சம் ஏமாற்றம்தான் அவனுக்கு.

மறுநாள் பப்பாளியும் முருங்கைக்கீரையும் கிண்ணம் காலி. மருத்துவரிடம் காட்டி, உள்ளே முட்டை எதுவும் தங்கவில்லை என்று எக்ஸ்ரேயில் உறுதி செய்துகொண்டார்கள். எடை 1.6. கால்சியம் திரவம் சில வாரங்களுக்கு.

ஏசி திரும்பவும் 25-க்கு இறங்கியிருக்கிறது, மே மாத வெயிலில் அதை மட்டும் யாராலும் விட்டுக்கொடுக்க முடியவில்லை. தகடும் ஹீட்டரும் இருப்பதால் மேல் தட்டில் 35 நிற்கிறது. எல்இடி பேனல் விருந்தாளி வந்தால் மட்டும். வருடா வருடம் இப்படி முட்டை வைப்பது உடம்பைக் கரைத்துவிடும் என்பதால், சினைப்பையையும் கருப்பைக் குழாயையும் எடுக்கும் அறுவை சிகிச்சை பற்றி மருத்துவர் பேசியிருக்கிறார். மயக்க மருந்தின் ஆபத்து ஒரு பக்கம், முட்டை அடைத்துக்கொள்ளும் ஆபத்து மறுபக்கம். எடை இரண்டு கிலோவைத் தாண்டி சில மாதம் நிலையாக இருந்த பிறகு, அடுத்த கரு உருண்டைகள் வளர்வதற்கு முன், டிசம்பருக்குள் முடிவு செய்ய வேண்டும்.